இரும்புமுனை

டிக்கட் ஜன்னலில் அட்டை கேட்டார்கள்.
கைப்பையில் முதலில் வந்தது கிளினிக் அட்டை.
"இது இல்ல, மற்றது"
என்று சிங்களத்தில் சிரித்தான் பையன்.
அடையாள அட்டையை ஒருமுறை பார்த்தான்,
என்னை ஒருமுறை பார்த்தான்,
உள்ளூர் விலைக்குக் கிழித்துக் கொடுத்தான்.
அவ்வளவுதான்.
அந்த ஒருமுறைக்காக
என் வீட்டில் மூன்று தலைமுறை
கந்தோர் கந்தோராக வரிசையில் நின்றது.

ஹல்துமுல்லைக்கு மேலே
மலை திடீரென்று தீர்ந்துபோகும் இடம்.
கடல் இல்லை, ஆனாலும் முனை என்கிறார்கள்.
பால் பொங்குவதற்குச் சற்று முன்
சட்டியில் எழும்புமே, அந்த மாதிரி
மூடுபனி விளிம்புவரை ஏறி
வழியாமல் நின்றது.

யோகராசா ஓட்டோவை நிறுத்தி
பிரேக்கை நம்பாமல் சில்லுக்கு ஒரு கல்லும் வைத்தார்.
"மெதுவா வா. ரெண்டு பேரு நடக்குறீங்க."

சுரங்கம் என்றதும்
இருட்டு, ஏணி, வௌவால் என்று நினைத்திருந்தேன்.
வனக்காவலர் குணதிலக்க காட்டியவை
இடுப்பளவுக் குழிகள்,
ஓர் ஆள் குந்தியிருந்து
சுரண்டிய அளவு.
பன்னத்தை விலக்கினால் சிவப்பு மண்,
பொருக்கு உதிர்ந்த காயம்போல.
குழியிலிருந்து குழிக்கு எட்டு எட்டாக அளந்துகொண்டே போனார் இவர்.
எதற்கு என்று கேட்கவில்லை.
ஓட்டோ ஓட்டுகிறவர் தூரத்தை
அளக்காமல் இருக்கமாட்டார்.

அடுத்த சரிவில் உலைகள்,
மேற்குப் பார்த்து, தோளோடு தோளாக.
துருத்தி கிடையாதாம்.
வாயைத் திறந்து வைத்துவிட்டு
ஆனிக் காற்றுக்குக் காத்திருப்பார்களாம்.

"காத்து வராட்டி?"

"வரும்" என்றார் குணதிலக்க.

வரும்தான்.
எங்கள் லயத்துத் தகரங்களைக் கேட்டால் தெரியும்.
கல் வைக்கிறோம், பழைய டயர் வைக்கிறோம்,
வருசம் ஒரு தகரமாவது
கீழ் டிவிசனுக்குப் பறக்கிறது.
அதே காற்றுக்குத்தான்
இவர்கள் வாசல் வைத்திருக்கிறார்கள்.

உலைக்குள் ஒரு மண்குழாய்த் துண்டு.
ஈரமாக இருந்தபோது பிடித்த விரல்
அப்படியே பதிந்திருந்தது.
சின்ன விரல். பெண்ணோ, பையனோ,
அவசரமாகப் பிடித்திருக்கவேண்டும்,
நகம்கூட விழுந்திருந்தது.
பலகையில் மூன்று மொழி.
தமிழில் "தொடாதீர்கல்".
ள் இருக்கவேண்டிய இடத்தில்
யாரோ ஒரு கல்லை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள்.
நான் தொடவில்லை.
என் விரலைப் பக்கத்தில் மட்டும் பிடித்துப் பார்த்தேன்.

விளிம்புக்கு வந்ததும்தான் தெரிந்தது,
கணுக்காலில் இன்னோர் அட்டை.
யோகராசா உப்புச் சரையை எடுத்தார்.
கொழுந்து எடுக்கிறவள் வீட்டில்
உப்பு இல்லாமல் பயணம் இல்லை.
"இங்க எதையும் கொல்லக்கூடாது"
என்றார் குணதிலக்க, நல்ல தமிழில்.
"அப்ப இவ ரத்தம்?"
"கொஞ்சம்தானே."

கொஞ்சம்தான்.
ஒன்பது புள்ளி இரண்டு என்று
கிளினிக் அட்டையில் சிவப்புப் பேனையால் வட்டம்.
இரும்பு காணாது என்றார் மிஸ்.
குளிசையைத் தேத்தண்ணியோடு போடாதே,
தேத்தண்ணி இரும்பைத் தின்றுவிடும் என்றார்.
பத்து வருசமாக நான்
எதற்குக் கொழுந்து எடுக்கிறேன் என்று
அவருக்கும் தெரியும்.
இருவரும் சிரித்துவிட்டோம்.

அது குடித்து முடிக்கும்வரை
மூன்று பேரும் நின்றோம்.
பனி ஓரிடத்தில் கிழிந்து
வெகுதூரத்தில் வெள்ளியாய் ஒரு கோடு.
"கடல்" என்றார் இவர்.
"வாவி" என்றார் காவலர்.
அதற்குள் மூடிக்கொண்டது.
அட்டை திராட்சைபோல் உருண்டு
பன்னத்துக்குள் விழுந்தது.
குழி பக்கம்தான் போயிருக்கும்,
நான் குனிந்து பார்க்கவில்லை.
குனிவது இப்போது லேசான காரியமில்லை.

திரும்பும் வழியெல்லாம் கடல், வாவி, கடல் என்று
தனக்குத்தானே வழக்காடிக்கொண்டு வந்தார் யோகராசா.

இரவு குளிசையைச் சுடுதண்ணீரில் விழுங்கினேன்.
ஒரு மணித்தியாலம் தேத்தண்ணி இல்லை.
கூரையில் காற்று
கல்லைக் கொஞ்சம் நகர்த்திப் பார்த்தது.